தறி வீட்டுக்கு எந்த ரூட்டர்?

நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் வீடும் தொழிற்கூடமும் பெரும்பாலும் ஒன்றுதான். கூடத்தில் தறி, பக்கத்திலேயே ஜக்கார்டு டிசைன் வைத்திருக்கும் கணினி, புடவைப் படம் அனுப்பி ஆர்டர் எடுக்கும் போன். எல்லாம் ஒரே வைஃபையில் ஓடுகின்றன. புடவை பார்க்க வருகிறவரும் "வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?" என்று கேட்பார். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் நம் சிக்னல் நம் சுவரோடு நிற்பதும் இல்லை.

கேபிள்காரர் தரும் பெட்டியே போதுமா, தனியாக வாங்குவதா? இணைப்போடு வருவதற்குத் தனிச் செலவு அதிகம் இருக்காது, பழுதானால் அவர்களே வந்து பார்ப்பார்கள். ஆனால் மென்பொருளைப் புதுப்பிப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் கையில்தான். சொந்த ரூட்டர் என்றால் எல்லாம் நம் விருப்பம், பொறுப்பும் நம்முடையது. இணைப்போடு வந்த பெட்டியில் வருகிறவர்களுக்கான தனி வைஃபை, அதாவது 'கெஸ்ட் நெட்வொர்க்' இருந்து, அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற முடிந்தால் வேறு வாங்கவே வேண்டாம் என்பேன். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தனி ரூட்டர் வாங்கி அதோடு இணைத்துவிடுங்கள். ஆன்டெனாவை எண்ணி வாங்காதீர்கள். அந்த மாடலுக்கு அப்டேட் இன்னும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்டேட் நின்றுபோன பழைய ரூட்டர் சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

எந்தப் பெட்டியானாலும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கும் இது வேறு. 2017 ஜூலையில் ஒரு தீநிரலால் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று வந்தபடியே விட்டிருந்த மோடங்கள்தான் அதற்கு எளிதாகச் சிக்கின. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

அடுத்து, டபிள்யூபிஎஸ். பொத்தானை அழுத்தினால் இணைப்பு கிடைத்துவிடும், வசதிதான். ஆனால் அதோடு 8 இலக்கப் பின் ஒன்றும் வருகிறது. ரூட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது: முதல் நான்கு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்பு, மீதியில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால் 1,000 வாய்ப்பு. ஆக, கோடிக்கணக்கில் முயல வேண்டியது 11,000 முயற்சியில் முடிந்துவிடும். இந்த ஓட்டை 2011 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது. தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

குறியாக்கத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதுவே நல்லது. வீட்டில் பழைய போன் இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த அமைப்பு. அதுவும் இல்லையென்றால் ஏஇஎஸ் உள்ள டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி மட்டும் கூடவே கூடாது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. தேடுகிற கருவிக்கு அது தெரிந்துவிடும்.

வருகிறவர்களுக்குக் கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுங்கள். டிசைன் கணினி மெயின் நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும்.

நெட் வரவில்லை என்று வந்து பார்ப்பவர் ஊசியால் ரீசெட் அழுத்திவிட்டுப் போனால், மாற்றியதெல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அட்மின் பாஸ்வேர்டு, டபிள்யூபிஎஸ், கெஸ்ட் மூன்றையும் அன்றைக்கே மறுபடி சரி செய்யுங்கள்.