மார்கழிக் குளிரும் நவரை நாற்றும்

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும், உத்திரமேரூர் தாலுகாவில் ஏரிப் பாய்ச்சலும் கிணற்றுப் பாய்ச்சலும் உள்ள நிலங்களில் நவரைக்கு நாற்று விடும் வேலை தொடங்குகின்றது. அதே நாட்களில் விடியற்காலைக் குளிரும் தொடங்குகின்றது. நாற்று மஞ்சளித்து அடங்கி நிற்பதும், இருபத்தைந்து நாளில் பறிக்க வேண்டியது முப்பது நாள் கடந்தும் கைக்கு வராதிருப்பதும் குடியானவர்கள் பலர் கூறும் முறையீடுகள். விதை சரியில்லை என்பர் சிலர். மண் சரியில்லை என்பர் சிலர். பெரும்பாலும் காரணம் குளிரே. அக்குளிரை அளந்தறிவது எவ்வாறு, நாற்றை அதனின்று காப்பது எவ்வாறு, ஏரித் தண்ணீர்க் கணக்கில் அதற்கு எவ்வளவு இடம் விடுவது என்பனவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். நாம் "பனி" என்னும் ஒரே சொல்லால் பல பொருள்களைக் குறிக்கின்றோம். நம் வயலில் விடியற்காலையில் புல்நுனியில் நிற்பது, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இலையின்மேல் நீராகப் படிந்தது. உதகமண்டலத்தில் தலைகுந்தா, அவலாஞ்சி முதலிய பள்ளமான இடங்களில் மார்கழி தை மாதங்களில் வெண்மையாய்ப் படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது உறைபனி. காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் பஞ்சு போல் மேகத்திலிருந்து விழுவது மூன்றாவது வகை. அது நம் மாகாணச் சமவெளியில் விழுவதற்கு இடமில்லை. கோடை இடிமழையில் விழும் ஆலங்கட்டி இம்மூன்றிலும் சேராது. பெயர் ஒன்றாயிருப்பதனால், வடக்கே பனிப்புயல் என்று பத்திரிகையில் கண்டவுடன் நம் நாற்றங்காலுக்கு ஏதோ வரப்போகின்றது என்று அஞ்சுவோர் உண்டு. மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வரும் காற்றழுத்த மாறுதல்கள் இமயமலையில் பனி பொழிந்து சென்றபின், அங்கிருந்து வறண்ட வாடைக்காற்று தெற்கே இறங்குவது உண்மைதான். ஆனால் அது நம்மிடம் வந்து சேருவதற்குள் பெரிதும் தணிந்துவிடும்.

நம் நாற்றங்காலில் குளிர் உண்டாவது பெரும்பாலும் அவ்விடத்திலேயே. பகலில் நிலம் வெயிலினால் பெற்ற உஷ்ணத்தை இரவில் வானத்தை நோக்கி இழக்கின்றது. மேகமிருந்தால் அது போர்வை போல் நின்று அவ்வுஷ்ணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி விடும். ஆகவேதான் கார்த்திகை அடைமழை இரவுகள் ஈரமாயிருந்தும் அவ்வளவு குளிருவதில்லை. வானம் தெளிந்து, காற்று அசையாமல், ஈரமும் குறைந்த இரவில் நிலம் மிகுதியும் ஆறிப்போகும். நிலத்தையொட்டிய காற்றே முதலில் குளிரும். குளிர்ந்த காற்று கனமானதால் தாழ்ந்த இடத்தைத் தேடிச் சென்று தங்கும். ஏரிக்கரையின் அடியில் பள்ளத்தில் விட்ட நாற்று மஞ்சளிக்க, மேட்டு நாற்று பச்சையாயிருக்கும் காரணம் இதுவே.

இனிக் குளிர்ப் பதிவுகளைப்பற்றிச் சிறிது கூறுவோம். சென்னையில் 1792-ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தில் 1796 முதல் சீதோஷ்ணக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை 13.9 டிகிரி சென்டிகிரேட். அது 1895 டிசம்பர் 11-ஆம் நாளும், 1905 ஜனவரி 29-ஆம் நாளும் ஏற்பட்டது. டில்லி சப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16-ஆம் நாள் பூஜ்யத்திற்குக் கீழ் 0.6 டிகிரி வரை இறங்கியது. உலகத்தில் நிலத்தின்மேல் அளந்த மிகப் பெரிய குளிர், தென்துருவப் பிரதேசத்தில் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21-ஆம் நாள் கண்ட பூஜ்யத்திற்குக் கீழ் 89.2 டிகிரி.

இவற்றோடு, சென்னையிலேயே 1815 ஏப்ரல் கடைசியில் நீர் உறையும் நிலைக்கும் கீழே குளிர் இறங்கிற்று என்று ஒரு செய்தி புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் வழங்குகின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்ததும், அதன் விளைவாக 1816-இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே இல்லாமற் போனதும் சரித்திரம். சென்னைச் செய்தியை மட்டும் நான் நம்புவதற்கில்லை. சித்திரை மாதத்துக் கடல்நீர் வெந்நீருக்கு ஒரு படி குறைந்தாற்போல் இருக்கும். அதன் கரையிலுள்ள ஊரில் சில நாட்களுக்குள் நீர் உறைவதென்றால் வாழையும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் கருகியிருக்க வேண்டும். உஷ்ணமானியை வெயிலும் கதிர்வீச்சும் படாத அடைப்புப் பெட்டிக்குள் ஒரே உயரத்தில் வைக்கும் பொது வழக்கம் வெகு காலம் பின்னரே ஏற்பட்டது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். எண் ஒன்றைக் கேட்டவுடன், அது எங்கே, எந்த உயரத்தில், எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்பது நல்ல வழக்கம்.

இது நம் வயலுக்கும் பொருந்தும். வானிலை நிலையத்து உஷ்ணமானி தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் காற்றோட்டமுள்ள மரப்பெட்டியில் தொங்குகின்றது. தெளிந்த இரவில் நாற்றின் நுனியிலுள்ள குளிர் அதைவிடச் சில டிகிரி மிகுதி. மேலும், சென்னை கடலோரம். நாம் உள்ளடங்கிய ஊர்க்காரர். சமவெளியில் 10 டிகிரிக்கு இறங்கி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியேனும் குறைந்தால்தான் இந்திய வானிலைத் துறையார் "குளிர் அலை" என்று அறிவிப்பர். நெற்பயிரோ அந்த அறிவிப்புக்குக் காத்திராது. விதை முளைக்க 20 முதல் 35 டிகிரி வரை ஏற்றது. புது வேர் விட 16 டிகிரியாவது வேண்டும். 12, 13 டிகிரிக்குக் கீழே நாற்று நிலைகொள்ளாது. ஆகையால் "இவ்வாண்டு குளிர் அதிகமில்லை என்று வானொலியில் சொன்னார்களே" என்பது நாற்றங்காலுக்குச் சமாதானம் ஆகாது. ஓர் உஷ்ணமானியைக் குச்சியில் கட்டி, நாற்றங்காலின் நடுவே தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, சூரியோதயத்திற்குச் சற்று முன் பார்த்து, தேதியோடு குறித்து வைத்தல் வேண்டும். மூன்று பாட்டத்துக் குறிப்பு சேர்ந்தால் தம் நிலத்தின் குளிரை வேறெவரினும் அவரே நன்கறிவார்.

குளிரினால் வரும் பெருநஷ்டம் நாற்று சாவதன்று; நாள் நீளுவது. நெல் வளர்வது நாட்கணக்கில் அன்று, உஷ்ணக் கணக்கில். பத்து டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமே வளர்ச்சிக்கு உதவுவதென்று வைத்துக்கொண்டால், சராசரி 30 டிகிரியுள்ள நாள் இருபது பங்கு தரும். 25 டிகிரியுள்ள நாள் பதினைந்து பங்கே தரும். முன்னதில் 25 நாளில் சேரும் ஐந்நூறு பங்கு, பின்னதில் சேர 33 நாள் ஆகும். இது கணக்கு விளங்கும் பொருட்டுச் சொன்னது, ரகத்திற்கேற்ப மாறும். அந்த எட்டு நாளில் நாற்றங்காலுக்குச் செலவாகும் நீர் சொற்பமே. ஏக்கருக்கு எட்டு சென்டு நாற்றங்கால்தானே! ஆனால் அறுவடை எட்டு நாள் தள்ளிப் போகின்றது. அவ்வெட்டு நாளும் பங்குனி சித்திரையில் வந்து விழும். அப்போது ஏரியில் நீர் மதகடிக்கு இறங்கியிருக்கும். நாளொன்றுக்கு அரை அங்குலம் என்று வைத்தாலும், நூறு ஏக்கர்மேல் நாலு அங்குலத் தண்ணீர் கூடுதலாய் வேண்டும். கதிர் பால் பிடிக்கையில் அது கிடையாவிடில் பதரே மிஞ்சும். ஆதலால் ஏரி நீர்ப் பயன்படுத்துவோர் சங்கத்தார் நவரைக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்கையில், ரகத்தின் வயதை விதைப் பையில் அச்சிட்டபடியே எடுத்துக்கொள்ளாமல், பத்து நாள் கூட்டிக் கணக்கிட வேண்டும். இவ்வூர்க் கோயிற் சுவரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவதை எல்லாரும் அறிவர்; அங்கே ஏரி வாரியம் என்று தனிச் சபையே இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை.

நாற்றைக் காக்கும் வழி கடினமன்று. ஏக்கருக்கு 24 கிலோ விதையை ஊறவைத்து எடுத்தபின், குளிர் நாட்களில் 24 மணி நேரம் மூட்டம் போட்டால் முளை சரியாக வராது. வீட்டினுள் வைக்கோல் பரப்பி, ஈரச் சாக்கினால் நன்றாய் மூடி, இடையே இளவெந்நீர் தெளித்து, முளை ஒரே சீராய்த் தெரியும்வரை காத்திருத்தல் நன்று. நாற்றங்காலைப் பள்ளத்தில் வையாமல், வெயில் காலையிலேயே விழும் மேட்டில் வைக்கவும். கிணற்று நீர் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே உஷ்ணத்தில் இருப்பது; விடியற்காலைக் காற்றைவிட அது கதகதப்பானது. நாற்று தலைதூக்கியபின், மாலையில் அதை ஓரிரண்டு அங்குலம் கட்டி, காலையில் வடித்துவிட்டு மண்ணை வெயில் காயவிட வேண்டும். வங்காளத்தில் குளிர்காலப் போரோ நாற்றை இவ்வாறே காக்கின்றனர். இருவர் எதிரெதிரே நின்று கயிற்றை நாற்றின்மேல் இழுத்துப் பனிநீரை உதறிவிடுவதும் அங்குள்ள வழக்கம். நமக்கும் ஏற்றதே, கால் மணி வேலைதான்.

மஞ்சளித்த நாற்றைக் கண்டவுடன் யூரியாவைத் தூவுவது பெருந்தவறு. வேர் குளிர்ந்திருக்கையில் உரம் உட்செல்லாது. வெயில் ஏறியபின் ஒருங்கே உட்சென்று இலையை மென்மையாக்கும். இரவுப் பனியும் மென்மையான இலையும் சேர்ந்தால் குலைநோய்க்கு அழைப்பு விடுத்தாற்போலாம். குளிர்ந்த மண்ணில் துத்தநாகச் சத்து கிட்டாமையும் மஞ்சளுக்கு ஒரு காரணம். நடவு வயலுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் இடுவதும், விதையைக் கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைப்பதும் செலவு குறைந்த காப்புகள்.

குளிர் தணியட்டும் என்று தை கடைசிவரை நாற்றுவிடாமல் நிறுத்துவது பலனளிக்காது. அவ்வாறு செய்தால் பூக்கும் பருவம் கோடையில் விழும்; 35 டிகிரிக்கு மேல் பூ மலர்ந்தால் மணி பிடியாது. மேலும், கதிர் முற்றும் சமயத்து இரவுக் குளுமை நமக்கு நண்பனே. பிலிப்பைன்ஸ் நாட்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1979 முதல் 2003 வரையிலான குறிப்புகளை ஆராய்ந்து, வறட்சிப் பருவத்தில் இரவு உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் பத்தில் ஒரு பங்கு குறைவதாக 2004-இல் வெளியிட்டனர். இந்தியாவின் சராசரி உஷ்ணம் 1901 முதல் 2018-க்குள் 0.7 டிகிரி ஏறியிருக்கின்றது. "முன்போல் குளிரில்லை" என்று பெரியவர்கள் கூறுவதில் உண்மை இருக்கின்றது. குளிரான ஆண்டும் இடையிடையே வரத்தான் செய்யும். அதை முன்கூட்டிச் சொல்லப் பஞ்சாங்கமும் போதாது, பத்திரிகையும் போதாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் பயிரை எழுதும்போது, நாற்று விட்ட தேதி, நட்ட தேதி, அறுத்த தேதி மூன்றையும் தனிப் புத்தகத்தில் ஏரிவாரியாகக் குறித்து வைப்பார்களாயின், அடுத்த ஆண்டு மதகைத் திறந்து மூடும் தேதியை முடிவு செய்யக் கூடும் கூட்டத்தில் அப்புத்தகத்தை வைத்தே பேசலாம்.