தீக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள கயல்,

யூதப் படுகொலை பற்றிப் படித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரரே எப்படி மாமா கொன்றார்?" என்று கேட்டிருந்தாய்.

போலந்தில் யெட்வாப்னே என்றொரு சிற்றூர், ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. 1941 ஜூலை 10 அன்று ஜெர்மானியர் தூண்ட, உள்ளூர்க்காரர்களே யூதர்களைத் திரட்டி, ஒரு களஞ்சியத்தில் அடைத்துக் கொளுத்தினார்கள். குறைந்தது 340 பேர் மாண்டதாகப் பின்னாளைய அரசு விசாரணை சொன்னது. அங்கிருந்த நினைவுக்கல்லோ பழி முழுவதையும் ஜெர்மானியர்மீதே போட்டிருந்தது. 2001இல்தான் அதை அகற்றினார்கள். போலந்தின் அன்றைய அதிபர் குவாஷ்னியெவ்ஸ்கி அந்த ஊரிலேயே மன்னிப்புக் கேட்டார்.

நம் கீழ்வெண்மணிக்கு வா. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தவர்கள் தலித் தொழிலாளர்கள். மிராசுதார்களின் ஆட்கள் புகுந்ததும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒண்டினார்கள். அதற்குத் தீ வைத்ததில் 44 பேர் கருகினார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 8 பேருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இவர்களா நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்றது தீர்ப்பு.

இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே. நாஜி அரசு ஓர் இனத்தையே ஒழிக்கத் திட்டமிட்டது. வெண்மணியில் உரிமை கேட்டவர்களை ஒடுக்கினார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் தீக்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது. பின்பு குற்றத்தை மறைக்கும் எழுத்தும் இருந்தது.

முந்தைய ஏற்பாடு எப்படியிருக்கும் என்பதற்கு நம் செங்கல்பட்டே சாட்சி. பறையர்களுக்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது என்று 1891இல் ஆட்சியர் திரமென்கீர் அறிக்கை எழுதினார். மறுஆண்டு அரசாணை வந்தது. தலித்துகளுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலங்களிலும் பல பிறர் கைக்குப் போயின. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள்.

ஆகவே கொளுத்தியவன் யார் என்பதோடு நின்றுவிடாதே. எரிந்த குடிசையின் மனை யாருடையது என்று கேள். பிறகு தீர்ப்பையும் நினைவுக்கல்லையும் ஓர் எழுத்து விடாமல் படி.

அன்புடன்,
மாமா
செங்கல்பட்டு