கப்பல் போகாத துறைமுகத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சென்னையிலிருந்து இலங்கை போய்வரும் சொகுசுக் கப்பலில் நான், கணவர், அம்மா மூவருக்கும் திருச்சியில் ஒரு டிராவல் ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தோம். மொத்தம் ரூ.1,35,000. அம்மா பிறந்த ஊர் யாழ்ப்பாணம். காங்கேசன்துறையில் இறங்கி அவரை நல்லூர் கோயிலுக்குக் கூட்டிப்போவதற்காகவே இந்தப் பயணம். சென்னைத் துறைமுகத்தில் பெட்டிகளை ஒப்படைத்து, போர்டிங் பாஸும் வாங்கிய பிறகு ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ காங்கேசன்துறை ரத்து, அன்று முழுக்கக் கப்பல் கடலிலேயே இருக்கும் என்று அதில் இருந்தது. கேட்டதற்கு வானிலை என்றார்கள். ஆனால் கப்பலில் பழக்கமான ஒரு குடும்பத்துக்கு, அவர்களுடைய ஏஜென்ட் ஒரு வாரம் முன்பே இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பிப் பணம் கேட்டால், “வழித்தடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நிபந்தனையில் இருக்கிறது. வழக்குப் போடுவதானால் மும்பையில்தான் போட வேண்டும்” என்கிறார்கள். எங்களுக்கு வழி உண்டா?

– வாசகி, திருச்சி

பதில்: உண்டு. ஆனால் எதற்காக வழக்காடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் போகவில்லை என்பதை மட்டும் வைத்துப் போனால் தோற்கலாம். போகப்போவதில்லை என்பது அவர்களுக்கு எப்போது தெரியும் என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்.

பாதுகாப்புக்காக ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. சோலாஸ் எனப்படும் சர்வதேச கடல் பாதுகாப்பு உடன்படிக்கையே, அந்த முடிவில் கப்பல் உரிமையாளர்கூடக் குறுக்கிடக் கூடாது என்கிறது. அது நியாயமான விதி. பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாத இடங்களில் பயணிகளைச் சிறு படகில்தான் இறக்குவார்கள். அலை எழும்பினால் படகு ஒரு கணம் மேலே வரும், மறுகணம் கீழே போகும். உங்கள் அம்மா போன்ற மூத்தவர்களை அந்த நேரத்தில் இறக்க மறுக்கும் கேப்டன் தன் கடமையைத்தான் செய்கிறார். நடுக்கடலில், அன்றைய காற்றைப் பார்த்து எடுத்த முடிவு என்றால் அதை எதிர்த்து இழப்பீடு வாங்குவது கடினம்.

உங்களுக்கு நடந்தது அப்படித் தெரியவில்லை. ஒரு வாரம் முன்பே சிலருக்குத் தெரிந்த செய்தி, பெட்டி உள்ளே போன பிறகுதான் உங்களுக்கு வந்திருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவைப் பாருங்கள். நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ரத்து செய்வதா, வேறு தேதியில் போவதா என்று நீங்கள் முடிவெடுத்திருப்பீர்கள். அந்த வாய்ப்பைத்தான் உங்களிடமிருந்து பறித்திருக்கிறார்கள்.

நிபந்தனைக்கு வருவோம். ‘எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்ற வரி, தெரிந்ததை மறைக்கும் உரிமையைத் தராது. ஒருவர் எழுதி மற்றவர் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லாத, ஒருதலைப்பட்சமான ஒப்பந்த வாசகங்கள் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் பயனியர் அர்பன் வழக்கில் தீர்ப்பளித்தது. அது அடுக்குமாடி வீடு வாங்கியவரின் வழக்கு என்றாலும், இங்கும் அதை எடுத்துக்காட்டலாம்.

மும்பைக்குப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனு செய்யலாம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு. திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்களுக்குப் போதும். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும். கப்பல் நிறுவனம், டிராவல் ஏஜென்ட் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். தகவல் யாரிடம் தங்கிப்போனது என்பதை அவர்களே சொல்லட்டும்.

எவ்வளவு கேட்கலாம்? மற்ற துறைமுகங்களுக்குப் போனீர்கள், கப்பலில் தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள். அதனால் ரூ.1,35,000 முழுவதும் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பில்லில் துறைமுகக் கட்டணம் தனியாக இருந்தால், காங்கேசன்துறைக்கு வசூலித்த பங்கைக் கேளுங்கள். வானிலையே காரணமாக இருந்தாலும், கட்டாத கட்டணத்தை வைத்துக்கொள்ள நியாயமில்லை. ரத்தான கரைச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள். அடுத்து, இழந்த நாளுக்கு ஏற்ற கட்டணக் குறைப்பு. கடைசியாக மன உளைச்சலுக்கு இழப்பீடு. இதை வழங்க நுகர்வோர் ஆணையங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

வெளிநாட்டுத் தீர்ப்பு ஒன்றும் கைகொடுக்கும். 2013-ல் ஐரோப்பிய நதிகளில் வெள்ளம் வந்தபோது, படகுப் பயணம் என்று பணம் வாங்கிய நிறுவனம் பயணிகளைப் பெரும்பாலும் பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றவைத்தது. பயணம் தந்த ஏமாற்றத்துக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2020-ல் சொன்னது. அது நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், பயணத்தின் நோக்கமே கெட்டுப்போவது ஓர் இழப்புதான் என்று வாதாட உதவும். நல்லூருக்காகவே டிக்கெட் எடுத்தீர்கள் என்பதை, முன்பதிவின்போது ஏஜென்டுக்கு அனுப்பிய மெசேஜ் இருந்தால் அதைக் கொண்டே காட்டலாம்.

சேர்த்துவைக்க வேண்டியவை: பயண அட்டவணை அச்சிட்ட விளம்பரம், பில், துறைமுகத்தில் தந்த அந்தத் தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குடும்பத்தின் வாட்ஸ்அப் செய்தி. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள், போனிலிருந்து அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் அவர்களிடம் ஒரு பிரமாண வாக்குமூலமும் பெறுங்கள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்க்க முன்வரும். கப்பலில் செலவழிக்கும் வவுச்சர் தந்தால், ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்று எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வாரமே பதிவுத் தபாலில் இருவருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். காங்கேசன்துறையை ரத்து செய்ய எந்தத் தேதியில் முடிவெடுத்தீர்கள், யார் முடிவெடுத்தது, எங்களுக்கு ஏன் அன்றே சொல்லவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கு 15 நாளில் பதில் கேளுங்கள். தேதியைச் சொன்னால் அதுவே உங்கள் சாட்சியம். சொல்லாமல் விட்டால், நேரான கேள்விக்கு ஏன் பதில் இல்லை என்று ஆணையம் அவர்களிடம் கேட்கும்.