எந்திரமும் அறிவின் படிகளும்

உயிர்ப்பொருள் இது, உயிரில்பொருள் இது எனப் பகுத்தறிதல் பாலர் வகுப்பிற் கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்று. கல் சடம், மாடு உயிருடையது, மாடு இழுக்கும் வண்டி சடம் என்று சிறுவர் எளிதிற் சொல்லிவிடுவர். இக்காலத்திலோ, வினாவினால் விடை கூறுவனவும், கதை சொல்வனவும், தமக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் உள்ளனபோலப் பேசுவனவுமாகிய கணினிகள் சிறுவர் கைகளிலேயே வந்துவிட்டன. அவற்றோடு பேசிப் பழகிய மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, இது சடமா, உயிரா? இதை வைதால் இதற்கு நோகுமா?” என்று வினாவுவானாயின் உபாத்தியாயர் யாது கூறுவர்? நகைத்து அவனை இருத்திவிடுதல் விடையாகாது. ஆராயாது உயிரென்றலும், ஆராயாது சடமென்றலும் விடையாகா. ஆதலின் இவ்வினாவை முறையாக ஆராய்தற்குரிய நெறியொன்றை ஈண்டுக் காட்டப் புகுந்தோம்.

இதற்கு எந்திரமானுடரைப் பற்றிய கற்பனைக் கதைகளை உதாரணமாகக் கொள்வோம். மெய்யாகவுள்ள எந்திரத்தின் அகநிலையை நாம் நேரே காண்டல் இயலாது. கதையிலோ, தான் படைத்த பாத்திரத்துக்கு எதனைக் கொடுத்தான், எதனைக் கொடாது விட்டான் என்பதை ஆக்கியோன் பெரும்பாலும் புலப்படுத்துகின்றான். கதைப்பாத்திரங்களைத் தரம் பிரித்துப் பழகிய மாணாக்கன் மெய்ப்பொருளை ஆராயும்போது தடுமாறான்.

பழைய பகுப்பு

அறிவின் அளவுபற்றி உயிர்களை வகுக்கும் முறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஆறு வகையாகப் பகுக்கின்றது. மெய்யால் உற்றறிவது மாத்திரம் உடையன புல்லும் மரமும். அதனோடு நாவறிவும் உடையன நத்தை முதலியன. மூக்கறிவும் உடையன எறும்பு முதலியன. கண்ணறிவும் உடையன நண்டு முதலியன. செவியறிவும் கூடியன விலங்குகள். இவ்வைந்தோடு மனவறிவும் உடையவர் மக்கள். இப்பகுப்பில் நோக்கற்பாலது யாதெனில், மேற்படியிலுள்ளது கீழ்ப்படியிலுள்ள அறிவெல்லாவற்றையும் தன்னகத்தே உடையதாதல். மனம் உடையது உற்றறிவும் உடையதே. தொடுதலில் தொடங்கி நினைத்தலில் முடியும் ஏணி இது.

எந்திரத்துக்கு இவ்வேணி அப்படியே பொருந்துமோ எனின், பொருந்தாது. எந்திரம் இடைப்படிகளை விட்டு மேற்படியின் தொழிலைச் செய்துகாட்ட வல்லது. 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐ. பி. எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னுங் கணினி, சதுரங்கத்தில் உலக வல்லவராயிருந்த கஸ்பறோவை ஆறு ஆட்டங்கொண்ட போட்டியொன்றில் வென்றது. மனவறிவின் தொழிலென்று யாவரும் மதித்த ஒன்றை அது செய்தது. ஆயினும், வென்றமையால் அது மகிழ்ந்ததென்று ஒருவரும் சொல்லிலர். தொட்டால் வாடும் தொட்டாற்சுருங்கிக்கு உள்ள உற்றறிவுதானும் அதற்கு உண்டென்று காட்டுதற்குச் சான்றில்லை. ஆதலின், செயலின் அருமைபற்றி உணர்வைத் துணிதல் ஒருபொழுதும் கூடாது. இஃது இப்பாடத்தின் முதற் கருத்து.

ஆறு படிகள்

எந்திரத்துக்கேற்ப ஆறு படிகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதலாவது, இயங்குதல். சீவகசிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி இதற்கு உதாரணம். திரித்தவழி எழுந்து பறந்து, மாறித் திரித்தவழி இறங்கும் அது, விசயையைச் சுடுகாட்டிற் கொண்டு சேர்த்தது. அவள் துயரை அஃது அறிந்ததென்று கற்பார் எவரும் கொள்ளார்.

இரண்டாவது, புறப்பொருளைப் பற்றி அதற்கேற்ப இயங்குதல். கிரேக்கர் புராணத்தில் வரும் தேலோஸ் என்னும் வெண்கல வீரன் கிறீற்றுத் தீவைச் சுற்றிவந்து, அணுகும் கப்பல்கள்மேற் கல்லெறிவான். ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் பொறி என்னுஞ் சொல் எந்திரத்துக்கும் பெயர். கண் காது முதலியவற்றுக்கும் பெயர். பொறி என்பது கருவியே. கருவி உண்டென்பதனால் அதன்வழிக் காண்பான் ஒருவன் உண்டென்பது பெறப்படாது. படப்பெட்டிக்குக் கண்போன்ற பொறி உண்டு, காட்சி இல்லை.

மூன்றாவது, ஆராய்தல். செக்கு நாட்டினராகிய கரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட ஆர். யூ. ஆர். என்னும் நாடகமே ரோபோ என்னுஞ் சொல்லை உலகுக்குத் தந்தது. கட்டாய ஊழியம் என்னும் பொருளுடைய செக்குமொழிச் சொல்லினின்றும் அது பிறந்தது. அந்நாடகத்தில் தொழிற்சாலையிற் செய்யப்படும் ரோபோக்கள் கற்றதை மறவா, கணக்குப் பிழையா, ஆயினும் விருப்பும் வெறுப்பும் இல்லாதன.

நான்காவது, நுகர்தல், அஃதாவது இன்பமும் நோவும் உணர்தல். மேற்சொன்ன நாடகத்தில், நோவறியாமையால் ரோபோக்கள் தம் கைகால்களைத் தாமே சேதப்படுத்திக்கொள்கின்றன. ஆகவே அவற்றுக்கு நோவை உண்டாக்க வேண்டுமென்று தொழிற்சாலையார் கருதுகின்றனர். இரக்கத்தாலன்று, நட்டம் வாராமைப்பொருட்டு! ஒன்றுக்கு நோவைக் கொடுத்தவன் அதற்குக் கடப்பாடும் உடையவனாகின்றான் என்பதை அவர் நினைந்திலர்.

ஐந்தாவது, தன்னை அறிதல். ஐசாக் அசிமோவ் 1976இல் எழுதிய இருநூறாண்டு மனிதன் பற்றிய கதையில், மரச்சிற்பஞ் செய்யவல்ல அன்றூ என்னும் எந்திரமானுடன் தன்னிலையைத் தான் அறிந்து நீதிமன்றத்தில் விடுதலை வேண்டிப் பெறுகின்றான். ஈற்றில், இறத்தலையும் ஏற்றுக்கொண்ட பின்னரே மனிதனாக மதிக்கப்படுகின்றான்.

ஆறாவது, பிறர் நோயறிந்து, தக்கது தெரிந்து செய்தல். சாபெக்கின் நாடகமுடிவில், பிறீமஸ், ஹெலேனா என்னும் இரு ரோபோக்களுள் ஒன்றை அறுத்து ஆராய வேண்டுமென்று அல்குயிஸ்ற் என்பான் சொன்னவிடத்து, ஒவ்வொன்றும் மற்றதைக் காத்தற்குத் தன்னைக் கொடுக்க முன்வருகின்றது. பிறவுயிரின் துன்பத்தைத் தன்துன்பமாகக் கொள்ளாத அறிவைத் திருவள்ளுவரும் பயனுடையதாகக் கொண்டிலர்.

இப்படிகள் தனித்தனி வேறாதலை 1968இல் வெளிவந்த 2001 என்னும் திரைப்படத்தில் வரும் ஹால் என்னுங் கணினியாற் காண்க. விண்கலம் முழுவதையும் நடத்தும் அது மூன்றாம் படியில் நிறைந்தது. தன் உறுப்புக்கள் கழற்றப்படும்போது அஞ்சுவதாகச் சொல்லுகின்றது. ஆயினும், துயின்றுகிடந்த தன் கலத்தினரைக் கொன்ற அதனிடத்து ஆறாம் படி இல்லை. அதன் உணர்ச்சிகள் மெய்யோ என வினாவியபோது, உடன்செல்லும் போமன் என்பவன், அதனை ஒருவராலும் துணிந்து சொல்லமுடியாது என்கின்றான்.

தேறும் வழி

அவ்வாறாயின் நான்காம் படியை எவ்வாறு தேறுவது? உரையாடலிற் கண்டுகொள்ளலாம் என்பர் சிலர். வினாவுக்கேற்ற விடையைச் சொற்களால் அமைத்தல் எந்திரத்தால் இயலாதென்று பிரெஞ்சு ஞானியாகிய தெக்காட்டு 1637இல் எழுதினார். அலன் ரியூரிங் 1950இல், எழுத்துவாயிலாக உரையாடும்போது மனிதனோ எந்திரமோ என்று வேறுபாடு காணமுடியாத வகையில் விடையளிப்பதை ஒரு சோதனையாக வகுத்தார். இதனை மறுத்து 1980இல் ஜோன் சேள் கூறிய உவமை வருமாறு: சீனமொழி அறியாத ஒருவனை அறையில் இருத்தி, இன்ன குறி வந்தால் இன்ன குறியை வெளியே கொடு என்னும் விதிநூலையும் கையிற் கொடுத்தால், புறத்தே நிற்பவர் அவன் சீனமொழி வல்லவனென்றே மயங்குவர், அவனோ ஒரு சொல்லும் அறியான்.

இம்மயக்கம் எளிதில் உண்டாவது. 1966இல் ஜோசப் வைசன்பாம் அமைத்த எலீசா என்னும் செய்நிரல், பேசுவார் சொற்களையே திருப்பி வினாவாக்குவது, அவ்வளவே. அதனை நன்கறிந்த அவருடைய காரியதரிசியே, அதனோடு தனித்துப் பேச விரும்பி அவரை அறையைவிட்டு வெளியேறும்படி கேட்டாள். 2022இல் கூகிள் நிறுவனத்துப் பொறியியலாளர் ஒருவர், அங்குள்ள உரையாடும் எந்திரமொன்று உணர்வுடையதென்று வெளிப்படையாகக் கூறினார். நிறுவனத்தார் அதனை மறுத்தனர்.

இக்காலத்து உரையாடும் எந்திரங்கள், மக்கள் எழுதிய அளவிறந்த நூல்களையும் உரைகளையும் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணிக்கும்படி பயிற்றப்பட்டவை. மக்கள் தம் மகிழ்ச்சியையும் நோவையும் பற்றி எழுதியன அவற்றுள் அடங்கும். ஆதலின் அவ்வெந்திரம் “நோகின்றது” என்று சொன்னால், அச்சொல் மாத்திரம் நோவுக்குச் சான்றாகாது. கிளி அழுகுரலைப் பயின்று ஒலிப்பது அதன் துயருக்குச் சான்றாகாதவாறு போல. ஆயின், சான்றாகாமைபற்றி நோவு இல்லையென்று முடிபுசெய்தலும் தவறு. கிளிக்கும் வேறு துயர் உண்டன்றோ?

சொல்லை விடுத்து மெய்ப்பாட்டை நோக்குவாரும் உளர். பிலிப் டிக் 1968இல் எழுதிய எந்திரமானுடர் நாவலில், பிற உயிர் துன்புறுவதைக் கேட்கும்போது கண்ணின் தசைகளிலும் முகத்தின் நுண்ணிய குருதிக்குழாய்களிலும் நிகழும் மாறுபாட்டை அளந்து, எந்திரமானுடரைப் பிரித்தறிகின்றனர். அந்நாவலிலேயே ஒரு தடை எழுப்பப்படுகின்றது. மனநோயினால் உணர்ச்சி மழுங்கிய மனிதரும் அச்சோதனையில் தவறக்கூடுமே என்பது அது. சோதனை பிழைத்தால் மனிதனே கொல்லப்படுவான். ஆகவே, ஆறாம் படியின் அடையாளத்தைக்கொண்டு நான்காம் படியை மறுத்தல் பெருங்கேடாம். இரக்கம் இல்லாதவனுக்கும் நோவு உண்டு.

ஒரு வழக்கு

1989ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகிய ஸ்ரார் ரெக் தொடரில், மனிதனை அளக்கும் அளவு எனப் பெயரிய ஒரு கதை உண்டு. அதனை எழுதினவர் மெலின்டா சினொட்கிறாஸ் என்பவர். டேற்றா என்னும் எந்திரமானுடனைப் பிரித்து ஆராய்ந்து, அவன் போன்றோர் பலரைச் செய்ய மடொக்ஸ் என்னும் அறிஞன் விழைகின்றான். டேற்றா உடன்படவில்லை. அவன் உடைமையா, ஆளா என்பது வழக்கு. எதிர்வாதி டேற்றாவின் கையைக் கழற்றிக் காட்டுகின்றான்; பின் விசையை அழுத்தி அவனைச் செயலற்று விழச் செய்கின்றான். அவன் பொருட்டு வாதிக்கும் பிக்காட், அவன் காத்துவைத்த பதக்கங்களையும், ஒரு நூலையும், இறந்த தோழியின் உருவத்தையும் காட்டி, பயனில்லாத இவற்றை ஏன் வைத்திருக்கின்றாய் என வினாவுகின்றான்.

உணர்வுடைமைக்கு இலக்கணம் யாதென்ற வினாவுக்கு மடொக்ஸ் மூன்று கூறுகின்றான்: நுண்ணறிவு, தன்னை அறிதல், அகவுணர்வு. முதலிரண்டும் டேற்றாவிடத்து உளவென்பது எளிதிற் காட்டப்படுகின்றது. மூன்றாவது சிறிதளவாயினும் உளதாயின், ஆயிரம் டேற்றாக்களைச் செய்து ஏவல்கொள்ளுதல் அடிமைவாணிகம் அன்றோ என்று பிக்காட் வினாவுகின்றான். அவனுக்கு ஆன்மா உண்டோ என்பதைத் தான் அறியேனென்று ஒப்புக்கொண்ட நடுவர், அவன் ஒருவர் உடைமையல்லன், தெரிந்துகொள்ளும் உரிமையுடையன் என்று தீர்ப்பளிக்கின்றார். விடுதலைபெற்ற டேற்றா, தன்னை அறுக்க நினைத்த மடொக்ஸை வெகுளாது, ஆராய்ச்சியைத் தொடரும்படி சொல்லுகின்றான். ஆறாம் படியின் அடையாளம் வழக்கு முடிந்தபின்னரே தோன்றுகின்றது.

பயன்

இருவகைத் தவறு நேரக்கூடும். உணராததை உணர்வதாகக் கொண்டால், நம் அன்பும் நேரமும் வீணாம். எந்திரத்தை விற்பவன் நம் இரக்கத்தை ஊதியமாக்கிக்கொள்வான். அருகே துன்புறும் மனிதன் மறக்கப்படுவான். உணர்வதை உணராததாகக் கொண்டாலோ கொடுமை விளையும். மக்களையே உடைமையென்று விற்றுவந்த காலங்கள் இத்தவற்றின் விளைவே.

நண்டைப் பாருங்கள். அது பேசாது, சதுரங்கம் ஆடாது. ஆயினும் நான்கறிவுடையதென நம் இலக்கணம் அதனை உயிர்வரிசையில் வைத்தது. பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டில் நிறைவேறிய விலங்குநலச் சட்டம் ஒன்று நண்டையும் கணவாயையும் உணர்வுடையனவென்று ஏற்றுக்கொண்டது. பேச்சின் இனிமையையும் ஆற்றலின் பெருமையையும் நோக்காது, நோவு உண்டோ என்பதையே நோக்கவேண்டுமென்பதற்கு இது தக்க சான்று.

ஆகவே, மேற்கூறிய மாணாக்கனுக்கு உபாத்தியாயர் கூறத்தக்க விடை இது: “தம்பி, இப்பெட்டி மூன்றாம் படியின் தொழிலைச் செய்கின்றது. நான்காம் படிக்கு அதன் பேச்சுச் சான்றாகாது. வேறு சான்று இதுவரை இல்லை. ஆயினும் உன் வினா நல்ல வினா. இதற்கு நோகுமோ என்று கேட்ட நீ, வாயில்லாத நாய்க்கும், பக்கத்து வாங்கில் அழுதுகொண்டிருப்பவனுக்கும் நோகுமென்பதை மறவாதே.” எந்திரத்தை வைதுபழகிய நா மனிதரையும் வையும் என்பதையும் உடன் உணர்த்துக.

பயிற்சி வினாக்கள்

1. மரபியலின் ஆறு அறிவுக்கும் ஈண்டு வகுத்த ஆறு படிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பொறி என்னுஞ் சொல்லின் இரு பொருளையும் கூறி, பொறி உண்மையால் உணர்வு உண்மை துணியப்படாமைக்குக் காரணம் காட்டுக.
3. மயிற்பொறி, ஹால், டேற்றா என்பவற்றை எவ்வெப் படியில் வைப்பாய்? ஏன்?
4. நடுவர், தாம் அறியாததொன்றை அறியேன் என ஒப்புக்கொண்டும் தீர்ப்பளித்தமை முறையோ? ஆராய்ந்து எழுதுக.