பொதுப்பாடங்களை முதல் வருடமே முடித்துவிடலாமா?

கேள்வி: டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறேன். முதல் செமஸ்டருக்கான பாடங்களை நானே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அங்கே படிக்கும் தெரிந்த அண்ணா ஒருவர், "வரலாறு, அரசியல், இங்கிலீஷ் எல்லாத்தையும் முதல் வருஷமே முடிச்சுத் தள்ளிடு, அப்புறம் நிம்மதியா மேஜரைப் படிக்கலாம்" என்கிறார். அப்பாவோ, "மெக்கானிக்கலுக்கு எதுக்கு அமெரிக்க வரலாறு?" என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் சின்னது: சட்டம் அப்படி. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்த இளநிலைப் பட்டம் படித்தாலும் 42 கிரெடிட் பொதுப்பாடம் உண்டு. கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், அதற்காகச் சுமார் இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பும் சேர்ந்த கணக்கு. அந்த 42-இல் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6. வரலாற்றில் 3 கிரெடிட்டை டெக்சஸ் வரலாறாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதி இருக்கிறது. சொந்த மாநிலத்தின்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம்!

அண்ணாவின் யோசனை தப்பில்லை, ஆனால் அது வேறொருவருக்கான யோசனை. அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்று இரண்டாண்டுக் கல்லூரிகள் உண்டு, கட்டணம் குறைவு. அங்கே 42 கிரெடிட்டையும் முடித்துவிட்டு மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினாலும், அதை மொத்தமாக ஏற்றுக்கொண்டாக வேண்டும். அவர்களுக்கு 'முதலில் பொதுப்பாடம்' என்பது நல்ல வழி. எந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கும் அது பொருந்தும். நீங்களோ நேராகப் பல்கலைக்கழகத்தில், அதுவும் மெக்கானிக்கலில் சேர்கிறீர்கள்.

உங்களுக்கு அது ஏன் ஆகாது? பொறியியல் பாடங்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் 'ப்ரீரெக்விசிட்' உண்டு. அதாவது, முந்தைய பாடத்தில் தேறினால்தான் அடுத்ததில் சேரவே விடுவார்கள். கால்குலஸ் ஒன்று முடிந்தால்தான் கால்குலஸ் இரண்டு. கால்குலஸ் இல்லாமல் மெக்கானிக்ஸ் இயற்பியல் இல்லை. அது இல்லாமல் ஸ்டேடிக்ஸ் இல்லை. அதன் பிறகுதான் டைனமிக்ஸ், பொருள்களின் வலிமை, கடைசியில் மெஷின் டிசைன். ஒரு செமஸ்டருக்கு ஒரு படிதான் ஏற முடியும். சில பாடங்களை வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள் என்பதால், ஒரு செமஸ்டர் தவறினால் ஒரு வருடமே தள்ளிப்போகலாம். கால்குலஸை இரண்டாம் வருடத்துக்கு விட்டால் நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்தாகும். அந்த ஐந்தாவது வருடத்துக்கும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான்.

வரலாற்றுக்கு இப்படி முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மூன்றாம் வருடத்தில் படித்தாலும் அதே வரலாறுதான். இட்லி மாவை முதல் நாளே அரைத்தாக வேண்டும், சட்னியை எப்போது வேண்டுமானாலும் அரைக்கலாம், இல்லையா?

இன்னொரு நல்ல செய்தி. பொதுப்பாடங்களில் கணிதம் 3, அறிவியல் 6 கிரெடிட் உண்டு. நீங்கள் எப்படியும் படிக்கப்போகும் கால்குலஸ், இயற்பியல், வேதியியலே இவற்றுக்கும் கணக்காகிவிடும். இது புரியாமல் பொதுப்பாடத்துக்கென்று தனியாக ஒரு எளிய கணக்குப் பாடத்தை எடுத்துப் பணத்தை வீணாக்குபவர்கள் உண்டு. 42-இல் 9 போக மிச்சம் 33, அதாவது 3 கிரெடிட் பாடங்கள் பதினொன்று. எட்டு செமஸ்டரில் பரப்பினால் ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோதான் வரும். எல்லாவற்றையும் முதல் வருடமே எடுத்துவிட்டால், பின்னால் வரும் செமஸ்டர்களில் எடுப்பவை எல்லாமே கனமான பொறியியல் பாடங்களாக இருக்கும். அண்ணா சொல்லும் நிம்மதி அங்கே கிடைக்காது.

ஆகவே முதல் செமஸ்டருக்கு என் சிபாரிசு: கால்குலஸ் ஒன்று (4), ஆய்வகத்தோடு வேதியியல் (4), ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி (3), அமெரிக்க வரலாறு (3). மொத்தம் 14. பொதுப்பாடங்களில் ஆங்கிலத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வக அறிக்கைக்கும் அதே எழுத்துதான் வேண்டும். நம் பள்ளிகளில் பழகியதுபோல் மனப்பாடம் செய்து எழுதுவது அங்கே எடுபடாது.

உங்கள் எஃப்-1 விசாவுக்குச் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் தேவை. அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுக்குமேல் கணக்கில் சேராது. 14 கிரெடிட் வைத்துக்கொண்டு ஒரு 3 கிரெடிட் பாடத்தை நடுவில் கைவிட்டால் 11-க்கு வந்துவிடுவீர்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதியில்லாமல் அதைச் செய்யவே கூடாது.

கிளம்புமுன் ஒரு வேலை. எந்தக் கணக்கில் தொடங்குவது என்று தீர்மானிக்க பிளேஸ்மென்ட் தேர்வு வைப்பார்கள். ப்ளஸ் டூவில் கணிதத்தில் நூறு வாங்கியிருந்தாலும் திரிகோணமிதியை ஒருமுறை புரட்டிவிடுங்கள். அதில் சறுக்கினால் ப்ரீ-கால்குலஸில் உட்காரவைப்பார்கள். மேலே சொன்ன வரிசை மொத்தமும் ஒரு செமஸ்டர் நகர்ந்துவிடும். புதியவர்கள் பதிவு செய்யும்போது பல வகுப்புகள் நிரம்பியிருக்கும். கால்குலஸ் காலை எட்டு மணிக்குத்தான் கிடைக்கிறதென்றால் முனகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றில் இடமில்லையென்றால் அந்த இடத்தில் அரசியலைப் போட்டுக்கொள்ளலாம்.