விருந்தில் மிஞ்சிய வாத்தில் மிளகு சூப்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாத்து வறுக்கும் வீடுகளில் மறுநாள் மிஞ்சும் எலும்பையும் அதில் ஒட்டிய சதையையும் வீசிவிடாமல், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களில் கிடைக்கும் மிளகைச் சேர்த்து நல்ல சூப்பாக்கலாம்.

சதையை உதிர்த்துத் தனியே வைத்துவிட்டு, எலும்புகளை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 10 சின்ன வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, ஒன்றிரண்டாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி மிளகு ஆகியவற்றோடு இட்டு, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். தோலிலும் மூட்டுகளிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் இந்த நிதானமான சூட்டில் ஜெலட்டினாக மாறிக் கரைவதால்தான் சூப்புக்கு உதட்டில் ஒட்டும் பதம் வருகிறது. வாத்தில் கொழுப்பு மிகுதி என்பதால், வடிகட்டிய சாற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளை ஏடு கட்டும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்தால் அடியில் சாறு பழுப்பு நிறத்தில் தளதளவென்று அசையும். அதனோடு சதையைச் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டு, வறுவலிலேயே உப்பு இருப்பதால் சுவைத்துப் பார்த்த பிறகே உப்பிட வேண்டும். ஆங்கிலேயர் பல நாடுகளுக்குக் கொண்டுசென்ற ‘முல்லிகட்டானி’ சூப்பின் பெயர் தமிழின் மிளகுத்தண்ணீரிலிருந்து பிறந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

சமைத்து இறக்கிய 2 மணி நேரத்திற்குள் ஃப்ரிட்ஜுக்குப் போன இறைச்சியை 3 நாட்களுக்குள் பயன்படுத்தலாம். இரவு முழுவதும் மேசையில் கிடந்ததைச் சூப்புக்கு எடுக்கவே கூடாது.