தலைமயிர்ச் சாயம் பிழைத்துவிட்டால்

கல்லடியில் என் மச்சாள், கலியாண வீட்டுக்கு முதல் நாள் சலூனில் மண்ணிறம் கேட்டாள். வெயிலில் நின்றபோது உச்சி செம்பாய் மின்னியது, நுனி கறுப்பாகவே கிடந்தது. அழுதுகொண்டே இன்னொரு பெட்டிச் சாயத்தைக் கரைக்கப் போனவளைத் தடுத்துவிட்டேன். சாயத்தின் மேல் சாயம் பூசினால் நிறம் வெளுக்காது, மயிர்தான் முறியும்.

அன்றே படம் எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டோடு அதே சலூனுக்குப் போய்த் திருத்தித் தரச் சொல்லுங்கள். முன்பு மருதோன்றி பூசியிருந்தால் மறைக்க வேண்டாம்; சில கலப்பு மருதோன்றிகளின் மேல் பிளீச் பட்டால் மயிர் சூடேறிக் கருகும்.

செம்பு நிறத்தை நீல ஷாம்பு தணிக்கும், மஞ்சளை ஊதா ஷாம்பு. வாளியில் காவிக்கறை படிய வைக்கும் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, அதில் முழுகினால் நிறம் இன்னும் கெடும். குழாய்த் தண்ணீரில் முழுகுங்கள்.

திரும்பப் பூசுவதற்கு 48 மணித்தியாலம் முன்பு காதின் பின்னால் ஒரு துளி தடவிப் பாருங்கள். முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சலூன் கைவிரித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.